விஜிலாவின் கழுத்தும் கிளாடிஸின் கழுத்தும்

ஐந்து கிலோ. அதற்கு மேல் விஜிலாவின் தலையில் ஏறக்கூடாது என்று அரசு மருத்துவமனை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபத்தாறு வருடமாக அந்தத் தலையில் தினமும் ஏறியது முப்பத்தைந்து கிலோ. சும்மாடு, அதன் மேல் அலுமினியச் சட்டி, சட்டி நிறைய சாளையோ ஊளியோ, மேலாக ஐஸ். திரேஸ்புரம் கடற்கரையில் காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் போய், தெருத் தெருவாக நடந்து விற்றுவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்புவார். வயது நாற்பத்தேழு. கணவர் இனிகோ விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார்.

விஜிலாவோடு எப்போதும் இன்னொருவர் இருப்பார். கிளாடிஸ். விஜிலாவின் கொழுந்தன் ஜெனோவுக்கு வாழ்க்கைப்பட்டு அதே காம்பவுண்டுக்குள் வந்தவர். ஐந்து வயது இளையவர். விஜிலாவை 'அக்கா' என்பார். இருவரும் பதினெட்டு வருடமாக ஒரே பெட்டி மீனைக் கூட்டாக எடுக்கிறார்கள். ஏலம் விடும் ஞானையா எப்போதும் "விஜிலா" என்றுதான் முடிப்பார். பெட்டி ஒரு பெயரில் இருக்கும், மீன் இரண்டு பேருக்கு. மணலில் கொட்டி விஜிலா இரண்டு கூறாகப் பிரிப்பார். எந்தக் கூறு வேண்டும் என்று கிளாடிஸ் முதலில் எடுப்பார். ஒரு கூறில் மீன் குறைந்தால் மற்றக் கூறிலிருந்து எடுத்துப் போட்டால் போயிற்று. அங்கே குறைகிறது, இங்கே கூடுகிறது. இதைத் தாண்டி ஒரு கணக்கு உலகத்தில் உண்டு என்று இருவருக்கும் தோன்றியதில்லை.

2024 பிப்ரவரி 8, காலை எட்டே கால். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோ நின்றது. பின்னால் வந்த உப்பு லாரி நிற்கவில்லை.

யாருக்கும் ரத்தம் வரவில்லை. பின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் தலை பின்னால் போய் முன்னால் வந்தது, அவ்வளவுதான். ரோட்டில் சிதறியது மீன். இருவரும் இறங்கி, லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பைப்பில் கழுவி, அன்றைக்கும் விற்றார்கள். பன்னிரண்டு மணிக்கு கிளாடிஸால் சட்டியைத் தூக்க முடியவில்லை. மூன்று மணிக்கு விஜிலாவால் குனிய முடியவில்லை. சாயங்காலம் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில் ஏறின. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. டாக்டர் 'விப்லாஷ்' என்று எழுதி, "கழுத்து சாட்டை மாதிரி உதறியிருக்கு. தசையும் நரம்பும் இழுத்திருக்கும்" என்றார். ஐந்து நாள் மாத்திரை. கழுத்துப் பட்டை வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதுவரை இரண்டு கழுத்தும் ஒன்றுதான்.

கிளாடிஸின் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். செய்தி கேட்டதும் பணம் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் கிளாடிஸ் தனியார் ஆஸ்பத்திரியில் ஏ.சி. அறையில் படுத்திருந்தார். மூன்று நாள் அறைக்கும் ஊசிக்கும் இருபத்தெட்டாயிரம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆறாயிரத்து ஐநூறு. தாடையைத் தாங்கும் கெட்டிப் பட்டை ஆயிரத்துச் சொச்சம். விஜிலாவின் பட்டை மெடிக்கல் கடையில் நூற்றெண்பது ரூபாய். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், இரண்டே வாரத்தில் அழுக்கேறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வித்தியாசம் ஊருக்கே தெரிந்தது. கெட்டிப் பட்டை போட்டவருக்கு மூன்று பேர் எழுந்து இடம் விட்டார்கள். சாமியார் பீடத்திலிருந்தே, "நம் பங்கில் விபத்தில் காயம்பட்ட சகோதரி கிளாடிஸுக்காக மன்றாடுவோம்" என்றார். விஜிலா தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அதே ஆட்டோ, அதே சீட்டு," என்று அன்று மத்தியானம் குசினியில் மீன் அரிந்துகொண்டே இனிகோவிடம் சொன்னார். "நான் ஜன்னல் பக்கம், அவ நடுவுல. எனக்குத்தான் அடி கூட. சாமியாருக்கு எம் பேரு தெரியாதாக்கும்?"

"ஏளா, அவளுக்கு டிஸ்க் பிதுங்கியிருக்காம்," என்றார் இனிகோ. "உனக்குப் பொறாம பிதுங்கியிருக்கு."

"எனக்கும் படம் எடுத்தா தெரியும்."

அந்தப் படம்தான் விஜிலாவைத் தூங்கவிடாமல் செய்தது. பெரிய கவருக்குள் கறுப்புப் பிலிம். கிளாடிஸ் வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "அந்தா, அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல கறுப்பா தள்ளிக்கிட்டு நிக்கில்லா, அங்கனதான்." வந்தவர்கள் 'ச்சு' கொட்டுவார்கள். விஜிலாவிடம் காட்டுவதற்கு நூற்றெண்பது ரூபாய் பட்டையும் மாத்திரைச் சீட்டும்தான். வலி என்னவோ குறைவில்லை. இடது பக்கம் திரும்பினால் காது வரை இழுக்கும். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஆனால் அதை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது.

மார்ச்சில் பிசியோதெரபி. நடத்துகிறவர் ஜாபேஸ், முப்பது வயதுக்காரர், கை சூடாக இருக்கும், பேச்சு குறைவு. ஒரு தடவைக்கு ஐநூறு. பத்துத் தடவை சேர்த்து எடுத்தால் நாலாயிரத்து ஐநூறு. இருபது என்றால் ஆறாயிரம். விலைப் பலகையைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே யோசனை. இருபதாக எடுத்து ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்வது. ஆளுக்கு மூவாயிரம்.

கவுன்டரில் இருந்த பெண் ஆதார் கேட்டாள். "யார் பேர்ல போட?"

விஜிலாவின் ஆதார் வீட்டில் இருந்தது. "உன் பேர்லயே போடுளா," என்றார். "ஏலத்துல எம் பேரு, இங்கன உம் பேரு. சரிக்குச் சரி."

திங்கள்கிழமை கிளாடிஸ், வியாழக்கிழமை விஜிலா. பத்து வாரம். ஒரே அட்டையில் இருபது டிக். அட்டையில் ஒரு பெயர். ஜாபேஸுக்கு எல்லாம் தெரியும். வருகிற கழுத்துக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு வியாழக்கிழமை விஜிலா அவரிடம் கேட்டார்: "அவ கழுத்து மோசமா, எங்கழுத்து மோசமா தம்பி?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. படத்துல தெரியாத வலி எவ்வளவோ இருக்கு."

"அப்ப என்னுதுதான் கூட."

"நான் அப்படிச் சொல்லல."

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் இருவருக்குமாக வழக்குப் போட்டவர் வக்கீல் மகாராஜா. ஒன்றரை வருடம் ஓடியது. தலைச்சுமை போனபின் இருவரும் மாலைச் சந்தையின் மூலையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து விற்றார்கள். தெருத் தெருவாகப் போன காலத்து வியாபாரத்தில் பாதிகூட இல்லை. 2025 ஆகஸ்ட்டில் மகாராஜா இருவரையும் அழைத்தார். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச கம்பெனி சம்மதம். கிளாடிஸுக்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். விஜிலாவுக்கு நாற்பதாயிரம்.

விஜிலா கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரே சீட்டுல இருந்த ரெண்டு பேருக்கு எப்படி சார் ரெண்டு வெல?"

"அவங்ககிட்ட மருந்தோட சேத்து அம்பத்திரண்டாயிரத்துக்கு பில் இருக்கும்மா. எம்.ஆர்.ஐ. இருக்கு. இருபது பிசியோ இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"வலி இருக்கு."

"பில் இருக்கான்னு கேட்டேன்."

விஜிலாவுக்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா வேண்டாம். ஒரு பைசா குறையவும் கூடாது. கிளாடிஸுக்கு எவ்வளவோ அவ்வளவு. வீட்டில் வந்து இதை இனிகோவிடம் சொன்னபோது, "அவளுக்கு முப்பதாயிரம் குடுத்தா?" என்று கேட்டார் அவர். விஜிலா யோசித்தார். "முப்பது போதும்," என்றார். விளையாட்டுக்குச் சொன்னது போலத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, சந்தையில் சிவனாண்டி வந்து தார்ப்பாய் முன்னால் குந்தினார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விசாரணை பார்க்கிறவர். அதை மறைக்கவும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அரைக் கிலோ நகரை மீன் நிறுக்கச் சொன்னார். கிளாடிஸ் அன்று சந்தைக்கு வரவில்லை. தலைசுற்றல்.

"கழுத்து எப்படிம்மா இருக்கு?"

விஜிலா தராசைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்விய நீங்கதான் அண்ணாச்சி மொதல்ல கேக்கிய. ஒன்றர வருசமாச்சு."

"அவங்களுக்கு ரொம்ப மோசம்னு சொல்லுதாங்களே. இருபது பிசியோவாம்."

"இருபதா?" விஜிலா சிரித்தார். "பத்து நான் போனது அண்ணாச்சி. வியாழக்கிழம வியாழக்கிழம. மூவாயிரம் எங்காசு."

சிவனாண்டி பையிலிருந்து தாளை எடுத்தார். விஜிலா ஒன்று விடாமல் சொன்னார். கவுன்டர், ஆதார், அட்டை, கிழமை. சொல்லச் சொல்ல கழுத்து லேசானது போல இருந்தது. கடைசியில் தெளிவாகவே சொன்னார்: "அவ பங்குல இருந்து பத்த எடுத்து எம்பங்குல போட்டுருங்க. அதுதான் நியாயம்."

"எழுதிக்கிடுதேன்," என்றார் சிவனாண்டி. எழுதவும் செய்தார். விஜிலா கையெழுத்துப் போட்டார். மீனுக்குக் காசு வாங்கவில்லை.

அங்கே குறைந்தால் இங்கே கூடும். நீதிமன்ற நாள் வரை அந்த மூன்று வாரம் விஜிலா சந்தோஷமாக இருந்தார். கிளாடிஸிடம் வழக்கத்தைவிட அன்பாகவும் இருந்தார். ஏலத்தில் எடுத்த பெட்டியில் பெரிய விளமீன் ஒன்றை அவர் கூறில் தள்ளிவிட்டார்.

"என்னக்கா இன்னைக்கு?" என்றார் கிளாடிஸ்.

"சும்மா எடுத்துக்கோளா."

செப்டம்பர் 13, சனிக்கிழமை. நீதிமன்ற வளாகத்தில் திருவிழாக் கூட்டம். வராண்டா முழுக்கப் பெஞ்சுகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு நீதிபதி, ஒரு கம்பெனி அதிகாரி, ஒலிபெருக்கியில் வழக்கு எண்கள். கட்டுப் போட்ட காலும் ஊன்றுகோலுமாக விபத்துப்பட்டவர்கள். விஜிலா நூற்றெண்பது ரூபாய் பட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதினொன்றரைக்கு இவர்கள் எண் வந்தது.

அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். கிளாடிஸ், தொண்ணூற்றைந்தாயிரம். விஜிலா, நாற்பதாயிரம்.

மகாராஜா எழுந்துவிட்டார். "ஒண்ணு எம்பத்தஞ்சுன்னுதானே சார் பேசினோம்?"

"பிசியோ பில் பொய் பில், சார். வாக்குமூலம் இருக்கு." அதிகாரி ஒரு நகலை மேசைமேல் தள்ளினார்.

மகாராஜா வாசித்தார். கிளாடிஸ் எட்டிப் பார்த்தார். தாளின் கீழே இருந்ததைப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்தக் கையெழுத்தைச் சுயஉதவிக் குழுப் புத்தகத்தில் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறார்.

"ஆறாயிரம் ரூவா பில்லுக்குத் தொண்ணூறாயிரமா சார் வெட்டுவாங்க?" விஜிலாதான் கேட்டார்.

"அது ஆறாயிரம் பில் இல்லம்மா," என்றார் மகாராஜா. "மூணு மாசம் வைத்தியம் நடந்ததுக்கு அந்த அட்டைதான் சாட்சி. அட்ட விழுந்தா மூணு மாச வருமானமும் விழுது, வலிக்குன்னு போட்டதும் விழுது."

"அந்தத் தொண்ணூறு என்னுதுல ஏறலயே."

"ஏன் ஏறணும்?"

"அவகிட்ட இருந்து எடுத்துட்டாங்கல்லா. அப்ப அது எங்க?"

"எங்கயும் இல்ல. கம்பெனிகிட்டயே இருக்கு."

அடுத்த எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. நீதிபதி, "பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க," என்று அனுப்பிவைத்தார்.

வராண்டாவில் கிளாடிஸ் சத்தம் போடவில்லை. லேஞ்சித் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பத்து உன்னுதுதான்க்கா. எங்கிட்ட சொல்லியிருந்தா வக்கீல்ட்ட நானே சொல்லியிருப்பேன். போயும் போயும் கூறு போடத் தெரியாதவன்ட்ட கொண்டு மீனக் குடுத்திட்டு வந்திருக்க."

கிளாடிஸ் உள்ளே போய்த் தொண்ணூற்றைந்துக்குக் கையெழுத்துப் போட்டார். தம்பி போட்ட பணத்தில் பாதி அவனுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். மிச்சத்தில் இன்னும் இரண்டு ஊசி பாக்கி. மக்கள் நீதிமன்றத்தில் முடித்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.

விஜிலா கையெழுத்துப் போடவில்லை. அப்போதும் காரணம் பழைய காரணம்தான். "அவளுக்குத் தொண்ணூத்தஞ்சு, எனக்கு நாப்பதா? நான் கேஸ நடத்துதேன் சார்."

"நடத்தலாம்," என்றார் மகாராஜா. "மருத்துவக் குழுகிட்ட போய் ஊனம் எத்தன சதவீதம்னு சான்று வாங்கணும். அதோட வைத்தியம் பாத்ததுக்குச் சாட்சி வேணும். அந்த பிசியோ தம்பி வருவானா?"

ஜாபேஸ் வரமாட்டேன் என்றார். "பதிவேட்டுல ஒரு பேர்தான்க்கா இருக்கு. ரெண்டு பேருக்குப் பாத்தேன்னு நானே கூண்டுல ஏறிச் சொன்னா, கிளினிக்க மூட வேண்டியதுதான்."

"அப்ப உங்களுக்குச் சாட்சி ஒரே ஆள்தான்," என்றார் மகாராஜா. "அவங்க கேஸ் முடிஞ்சாச்சு, இனி அவங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. கேட்டுப் பாருங்க."

விஜிலா கேட்கவில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று வாரம் ஓடியது. ஏலத்தில் கிளாடிஸ் இப்போது பேச்சிச்செல்வியோடு சேர்ந்து பெட்டி எடுக்கிறார். பேச்சிச்செல்வி மீன் விற்க வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. ஞானையா "பேச்சிச்செல்வி" என்று முடிக்கும்போது விஜிலா வேறு பக்கம் பார்ப்பார். அதாவது, இடது பக்கம் திரும்ப முடியாததால், உடம்போடு திரும்பி நிற்பார். இரண்டு பேரும் மணலில் குந்திக் கூறு பிரிப்பது அப்படியும் காதில் விழும். பேச்சிச்செல்வி பிரிக்கும்போதே பேசுவாள், சிரிப்பாள். கிளாடிஸும் சிரிப்பார். எம்.ஆர்.ஐ. கவரைப் பார்த்தபோதுகூட விஜிலாவுக்கு இவ்வளவு எரிந்ததில்லை. தனியாளுக்கு முழுப் பெட்டி கட்டாது. கழிவு மீனும் காரல் பொடிமீனும்தான் கிடைத்தன.

"பேச்சி கூறு போடுத லட்சணத்தப் பாத்தியா?" என்றார் இனிகோவிடம். "பெரிய மீனு எல்லாம் அவ பக்கம். இவளுக்குத் தெரியவே மாட்டுக்கு."

"அத இவகிட்டப் போய்ச் சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்கு வலைக்குப் போவணும்."

அக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு, விஜிலா கிளாடிஸின் குசினி வாசலில் போய் நின்றார். கிளாடிஸ் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டை இல்லை. ஒவ்வொரு பத்துத் துருவலுக்கும் நிறுத்தி, தோளைச் சுழற்றிக்கொண்டார். இதை விஜிலா இதுவரை கவனித்ததில்லை.

"என்னக்கா?"

"சாட்சி சொல்லணும்."

"யாரு?"

"நீதான்."

கிளாடிஸ் துருவலை நிறுத்தவில்லை. "ஒனக்கு வலிச்சுதுன்னு நான் கோர்ட்ல வந்து சொல்லணுமாக்கும். எனக்கு வலிச்சதப் பத்தி நீ போய் என்ன சொன்ன?"

"ஒனக்கு வலிக்கலன்னு நான் சொல்லல. பத்து என்னுதுன்னுதான் சொன்னேன்."

"அந்த இன்சூரன்ஸ்காரன் அதத்தான் அப்படி எழுதிட்டான்."

"எனக்கு அது தெரியாதுளா. ஒன்ட்ட கொறஞ்சா எனக்குக் கூடும்னு நெனச்சேன்."

"கொறையணும்னும் நெனச்ச."

விஜிலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நெனச்சேன்," என்றார்.

கிளாடிஸ் அரைமூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒருக்கா ஜாபேஸ் தம்பி கழுத்த இழுக்கும்போது நீ சின்னப்புள்ள மாதிரி அழுதிய, நான் தொணைக்கு வந்து வெளிய பெஞ்சுல இருந்து கேட்டேன். அதச் சொல்லலாமா?"

"அத எதுக்குளா சொல்லுத? ஜட்ஜுக்கு முன்னாலயா?"

"வேற எத வச்சு நம்புவாரு? ஒங்கிட்ட படமா இருக்கு?"

விஜிலா போகத் திரும்பினார், முதலில் தோள், பிறகு தலை. வருவதாகவும் கிளாடிஸ் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துருவிய தேங்காயில் பாதியை ஒரு கிண்ணத்தில் போட்டு, "இந்தா, மாமிக்குக் குடு," என்று நீட்டினார். மாமி இருவருக்கும் பொதுவான மாமியார். விஜிலாவின் வீட்டில் இருக்கிறார்.

மகாராஜா மறுநாளே சாட்சிப் பட்டியலைத் தாக்கல் செய்தார். அதில் ஒரே பெயர். அக்டோபர் 22 அன்று நீதிமன்ற ஊழியர் சம்மனோடு வந்தபோது கிளாடிஸ் வீட்டில் இருந்தார். வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். விசாரணை நவம்பர் 12, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு.